மாண்டரினில் பாடிய 'மெசையா'

சிங்கப்பூரில் ஒலிப்பதிவாளராக இருக்கும் எனக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் ஒரு சீனத் தேவாலயப் பாடகர் குழு, ஹாண்டல் என்ற இசையமைப்பாளர் இயேசுவைப் பற்றி அமைத்த 'மெசையா' என்ற நெடிய இசைப்படைப்பை மாண்டரின் சீனத்தில் பதிவுசெய்ய அழைத்ததும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டேன். 1741இல் ஆங்கில வாசகங்களுக்காகப் பிறந்த இசையில் இன்னொரு மொழி எப்படி உட்காருகிறது என்று கேட்க அத்தனை ஆசை.

பாடியவர்கள் தாதியர், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள். வேலை முடிந்து இரவில் கூடினார்கள். இளையவர்கள் சிலர் சீன எழுத்துகளின் மேல் பென்சிலால் பின்யின், அதாவது ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, எழுதிவைத்திருந்தார்கள். ஏர்கான் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் அதை நிறுத்தினோம். புழுக்கத்தில் வியர்த்து வழிந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆங்கிலத்தில் பாடும் குழு என்றால் சொல்லிறுதியில் வரும் 'ஸ்', 'ட்' ஒலிகள் ஆளுக்கொரு நேரத்தில் விழுந்து சிதறும். மாண்டரினில் அசைகள் பெரும்பாலும் உயிரிலோ 'ன்', 'ங்' ஒலிகளிலோ முடிவதால் அந்தத் தொல்லை இல்லை. வந்தது வேறொன்று. பாலகன் பிறந்ததைப் பாடும் கோரஸில், பிறப்பைச் சொல்லும் 'ஷெங்' என்ற ஓரசைதான் நீண்ட சுரவரிசை முழுவதையும் சுமந்தது. 'ங்' சற்று முந்தினாலும் அத்தனை சுரமும் மூக்குக்குள் அடைபட்டுவிடும். வாயைத் திறந்தே வைத்திருங்கள், கடைசிச் சுரத்தில் மூடினால் போதும் என்று குழுவை நடத்தியவர் சலிக்காமல் சொன்னார். இங்கே பேச்சில் பலர் 'ன்', 'ங்' வேறுபாட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அதனால் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. 'ங'வும் 'ந'வும் படித்து வளர்ந்த என் காதுக்கு அந்த மாற்றம் உடனே பிடிபட்டது.

மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளைப் பிரித்துக்காட்டும் நான்கு தொனிகளும் பாட்டில் மெட்டுக்கு வழிவிட்டுவிடுகின்றன. எனவே பொருள் புரிய மெய்யொலிகள் துல்லியமாகக் கேட்க வேண்டும். மண்டபத்தின் எதிரொலி அவற்றை விழுங்கியதால், மைக்குகளைக் குழுவுக்கு இன்னும் அருகே நகர்த்தினேன்.

தொகுக்கும்போது குழுவின் மூத்த பெண்மணி ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்து, தெளியாத சொற்களை இசைத்தாளில் வட்டமிட்டார். 1919இல் வெளியான சீன வேதாகமத்தின் வசனங்கள் அவருக்கு மனப்பாடம். ஓரிடத்தில் ஒரு டேக்கில், அதாவது ஒருமுறை பாடிய பதிவில், சுருதி சுத்தம், சொல் மங்கல். இன்னொன்றில் சொப்ரானோக்களின், அதாவது மேல்குரல் பெண்களின், உச்சச் சுரம் இம்மி தாழ்ந்திருந்தது, சொல்லோ பளிச்சென்று கேட்டது. அவர் இரண்டாவதையே கேட்டார். விசுவாசத்தோடு பாடியவர்களின் பதிவில் வசனம்தான் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்தும்கூட. அந்தச் சுரத்தை மென்பொருளால் உயர்த்தாமல் அப்படியே விட்டேன்.