அப்பாயியின் நேர்த்தியும் முத்திரைக்குள் இருந்த பாதிரியாரும்

2009 ஆம் ஆண்டு பங்குனி மாதம், இறுதிச் சண்டையின்போது மாத்தளன் கடற்கரையில் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தபடி எங்கள் அப்பாயி மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். தம்பியின் வயிற்றில் செல் துண்டு பட்டிருந்தது. அவன் பிழைத்தால் ஆவணித் திருநாளுக்கு மடுச் சந்தியிலிருந்து சந்நிதிவரை நடந்தே வருவதாகவும், வரும்போது "அந்தத் தாடிக்காரப் பாதிரியாரையும்" கூட்டி வருவதாகவும் அவர் சொன்னதை நான் அருகிலிருந்து கேட்டேன். தம்பி கப்பலில் ஏற்றப்பட்டுப் புல்மோட்டைக்குப் போய்ப் பிழைத்தான். முகாமிலிருந்து மீண்ட பிறகு அப்பாயியின் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. நேர்த்தியை எங்களிடம் விட்டுவிட்டே அவர் கண்ணை மூடினார். அதைச் செலுத்த எங்களுக்கு இவ்வளவு காலம் பிடித்தது வெட்கத்துக்குரியதுதான்.

தாடிக்காரப் பாதிரியார் என்பவர் ஓர் இந்தியத் தபால் முத்திரை. எங்கள் குடும்பம் அப்போது மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தது. திருச்சியிலிருந்து உறவினர் எழுதிய கடிதத்தில் அந்த முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. கடல் கடந்து போன கூலிச் சனத்துக்காகப் பேசிய ஆங்கிலேயர் சி. எப். ஆண்ட்ரூஸ் பாதிரியாரின் பிறந்த நூற்றாண்டையொட்டி இந்தியா 1971 இல் வெளியிட்ட முத்திரை அது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அவர் யாரென்று விளக்கிச் சொன்னதும், தாத்தா அதை நீராவியில் பிரித்தெடுத்து, மட்டையில் ஒட்டி, முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். 1977 கலவரத்தில் கட்டிய துணியோடு வன்னியிலுள்ள தருமபுரத்துக்கு வந்தபோதும், பிறகு ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்தபோதும் முருகன் படம் தொலைந்தது, காணி உறுதி தொலைந்தது. அப்பாயியின் சுருக்குப் பைக்குள் பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் இருந்த அந்த முத்திரை தொலையவில்லை.

"அவரு நம்ம சனத்துக்காகப் பேசுன ஆளுடா" என்பார் அப்பாயி. அயலிலுள்ள சபைப் போதகரிடம் நேர்த்தியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். சைவக் குடும்பம், அங்கிலிக்கன் பாதிரியாரைக் கத்தோலிக்க மாதாவிடம் கூட்டிப் போகிறதா என்றார். அப்பாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வன்னியில் மடுவுக்குப் போகாத சைவக் குடும்பம் எத்தனை இருக்கும் என்று போதகருக்கும் தெரியும்.

மடுச் சந்தியில் பேருந்தை விட்டு இறங்கியவுடனேயே முச்சக்கரவண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நடந்து போகிறோம் என்றதற்கு ஒருவர் "நேர்த்தியெண்டாலும் பாதி வழி ஓட்டோவில போகலாம், மாதா ஒண்டும் சொல்லமாட்டா" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காட்டு வழியில் நடக்கத் தொடங்கினோம். தார் சுட்டதால் ஓரத்து மண்ணில் நடந்தோம், அங்கே முள். தம்பி, தனக்காக வைத்த நேர்த்தி என்பதையும் மறந்து, தண்ணீர்ப் போத்தல் கனக்கிறது என்று வழி முழுக்க முறைப்பட்டுக்கொண்டு வந்தான்.

மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முப்பாட்டன்மார் மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று மலைநாடு நோக்கி நடந்ததும் இந்தப் பக்கத்துக் காடுகளின் வழியாகத்தான். வாந்திபேதியில் விழுந்தவர்களை அங்கங்கே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். எங்கள் சனத்தைக் கட்டிப்போட்டவை, ஆள்பிடித்து வந்த கங்காணியின் கடனும், அதைத் தீர்த்தால்தான் விடுவிப்போம் என்ற துண்டுச் சீட்டும். பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியருக்கோ ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு கைநாட்டு. இரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள்தான், ஆனால் லயம் என்ற கூலியாட்களின் வரிசைக் குடியிருப்பு என்னவோ ஒன்றுதான். 1915 இல் ஆண்ட்ரூஸ் தம் நண்பர் பியர்சனுடன் பீஜிக்குக் கப்பலேறி, அந்த லயங்களுக்குள் போய்ப் பார்த்து, நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆளேற்றியதால் அங்கே குடும்பம் என்பதே எப்படிச் சிதைந்து போயிருந்தது என்பதை மறுவருடம் அறிக்கையாக எழுதினார். 1917 இல் ஆளேற்றுவது நின்றது. 1920 தை முதலாம் திகதி மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் இரத்தாயின. தீனபந்து, எளியோரின் நண்பன், என்ற பெயர் அவருக்குச் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

கேம்பிரிட்ஜில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர், தென் லண்டனின் ஏழைக் குடியிருப்பில் ஊழியம் செய்தவர், 1904 இல் டெல்லிக்கு ஆசிரியராக வந்தவர் என்று அவருடைய வாழ்க்கையை வரிசையாகச் சொல்லலாம். என் மனம் அங்கெல்லாம் நிற்பதில்லை. 1914 தையில் அவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் இறங்கிக் காந்தியின் காலைத் தொட்டு வணங்கியது அங்கிருந்த வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை. அந்த நாட்களில்தான் தோட்டமொன்றிலிருந்து தப்பி வந்த கூலியாள் ஒருவரை, முதுகில் அடிபட்ட தழும்புகளோடு, அவர் கண்டார். குனிந்து பார்க்கப் போனபோது, வெள்ளைக்காரர் என்பதால் அந்த மனிதர் அடிக்குப் பயந்து பின்வாங்கினார். மறுவருடம் நோயில் படுத்துத் தேறிக்கொண்டிருந்தபோது அதே முகம் அவர் கண்முன் தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிறிஸ்துவின் முகமாக மாறியதாம். அதன் பிறகே பீஜிப் பயணம். 1921 இல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஊர் திரும்பப் புறப்பட்ட தொழிலாளர் சாந்த்பூர் ஆற்றுத்துறையில் வாந்திபேதியோடு கிடந்தபோதும் அங்கே போய் நின்றவர் அவர். புறப்பட்டு வந்து, போக இடமில்லாமல் வழியில் கிடக்கும் சனம் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

கோயில் வளவை அடைந்தபோது மரத்துக்கு மரம் கூடாரம், அடுப்புப் புகை, தண்ணீர்ப் பவுசருக்கு நீண்ட வரிசை. மெழுகுதிரிக் கடைக்காரர்கள் கையைப் பிடித்தே இழுக்கிறார்கள். வரிசையில் நிற்காமல் முன்னால் கூட்டிப் போகிறேன், ஆயிரத்தைந்நூறு ரூபாய் தாருங்கள் என்று ஒருவர் காதருகே வந்து சொன்னார். மாதாவின் வளவிலேயே இப்படியும் பிழைப்பா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா கையை அமுக்கினார்.

வரிசை நகர்ந்து நகர்ந்து மாதாவுக்கு முன்னால் வந்தபோது நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. 2008 இல் சண்டைக்குப் பயந்து தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்த மாதா அவர். எங்களைப் போல அலைந்தவர் என்ற எண்ணம் வந்தவுடன் கண் நிறைந்துவிட்டது. அடையாள அட்டை போடும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த முத்திரையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மா, மகனுடைய படத்தைத் தாமும் உயர்த்திப் பிடித்திருந்தார். பாடசாலைச் சீருடையில் எடுத்த படம்; தண்ணீர் பட்டு ஒரு பக்கம் மஞ்சளாகிக் கன்னம் அழிந்திருந்தது. என் கையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உங்கட ஆர் தம்பி? எங்க வச்சுக் காணாமல் போனவர்?"

"காணாமல் போகேல்லை அம்மா. இவர் ஒரு பாதிரியார். 1940 இல கல்கத்தாவில செத்தவர். எங்கட அப்பாயியின்ர நேர்த்தி."

அவர் உறையை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். நெற்றியிலிருந்து தாடிவரை தபாற்கந்தோர்ச் சீலின் கறுப்புக் கோடுகள் ஓடுவதை விரலால் தடவினார். "முகத்தில குத்திப் போட்டாங்களே" என்றார். பிறகு அதைத் தம் மகனுடைய படத்தோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக மாதாவுக்குக் காட்டினார். பின்னால் நின்ற தொண்டர் "நடவுங்கோ, நடவுங்கோ" என்று முதுகில் கை வைத்தார். எத்தனை விநாடி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. தம்பி விம்மியது மட்டும் கேட்டது. வழி முழுக்க முறைப்பட்டவன் அவன்.

வெளியே வந்ததும் அந்த அம்மா உறையைத் திருப்பித் தந்துவிட்டு, மகனுடைய பெயரைச் சொன்னார். "உங்கட பாதிரியாரிட்டயும் என்ர பிள்ளையச் சொல்லிவிடுங்கோ" என்றார். நான் என்ன சொல்வது என்று தடுமாறி நிற்க, அம்மா "சொல்றோம்மா" என்றார்.

பாம்பு பூச்சி அண்டாதிருக்க மடு மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, மரத்தடியில் ஒரு சோற்றுப் பொதியை மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அப்பாயியின் சுருக்குப் பையில் இப்போது பாக்கும் சுண்ணாம்பும் இல்லை. மண்ணும் முத்திரையும் இருக்கின்றன. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது அம்மா எங்கள் பெயர்களைச் சொல்லி முடித்து, அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்கிறார்.