உத்தரவு போடுகிறவருக்காக எழுதுவது

மாவட்டத் தலைநகர் ஒன்றில், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மனு வரைவது என் வேலை. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி போடும் முதல் மேல்முறையீடு. ஓர் அலுவலர் 'தர இயலாது' என்று எழுத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு மேலே இருப்பவரை 'கொடுங்கள்' என்று எழுத வைக்க வேண்டும். கையில் இருப்பது ஒன்றிரண்டு தாள்தான்.

ஒரு பெரியவரின் விஷயத்தைச் சொல்கிறேன். பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, அது தள்ளுபடியாகி, ஏன் தள்ளுபடியானது என்று பார்க்கக் கோப்பின் நகலைக் கேட்டிருந்தார். 'கோப்பு அலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது' என்று பதில் வந்திருந்தது. மேல்முறையீட்டை அவரே முழுநீளத் தாளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். தாத்தா கிணறு வெட்டிய கதையில் தொடங்கி, பங்காளிச் சண்டை, யார் யார் கை நீட்டினார்கள் என்பது வரை எல்லாம் இருந்தது. தள்ளுபடி ஆணையைப் பற்றிய பேச்சு கடைசிப் பக்கத்தில்தான் வந்தது.

"ஐயா, இந்த லஞ்ச விஷயத்தை எடுத்துவிடலாமா?" என்றேன்.

"நடந்ததைத்தானே தம்பி எழுதியிருக்கேன்?"

நடந்திருக்கலாம். ஆனால் இதைப் படிக்கப்போகிறவர் அதே துறையில், அநேகமாக அதே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர். தன்னோடு வேலை செய்கிறவரைத் திருடன் என்று ஒப்புக்கொண்டால்தான் உங்களுக்குச் சாதகமாக உத்தரவு போட முடியும் என்ற நிலையில் அவரை நிறுத்தினால், அவர் எப்படிப் போடுவார்? லஞ்சத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பதில் சட்டப்படி இல்லை என்பதற்கு அந்தப் பதிலே ஆதாரம். லஞ்சப் புகாரை எழுத வேறு இடம் இருக்கிறது, அங்கே அதை முழு பலத்தோடு எழுதலாம் என்று சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சரி, எடுங்க" என்றார்.

தாத்தாவின் கிணறும் போனது. தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. சட்டம் கேட்காத காரணத்தை நாமே விளக்கப் போனால், அந்த விளக்கம் சரியா தவறா என்று பேச்சு அங்கே திரும்பிவிடும்.

அப்புறம் பொருள் வரி. 'பட்டா சம்பந்தமாக' என்று அவர் எழுதியிருந்தார். அப்படி எழுதிய மனு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று தபால் பிரிப்பவருக்குக்கூடத் தெரியாது. 'பட்டா மாறுதல் தள்ளுபடிக் கோப்பின் நகல் வழங்க மறுப்பு – பிரிவு 19(1)-இன்படி முதல் மேல்முறையீடு – தொடர்பாக' என்று மாற்றினேன். இந்த ஒரு வரியைப் படித்தவருக்கு எதை மறுத்தார்கள், எந்தப் பிரிவின்படி கேட்கிறார் என்பது தெரிந்துவிடும்.

வாதத்தை எதிராளியின் சொற்களில்தான் தொடங்குவேன். நகலைத் தர மறுத்த பொதுத் தகவல் அலுவலரின் பதிலை, ஓர் எழுத்துகூட மாற்றாமல், மேற்கோள் குறிக்குள் போட்டேன். நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளை, சொல்லும்போது 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்று ஒன்றைச் சொல்கிறது. அடுத்தவர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது வெறும் சூத்திரமாக இருந்தது இந்த மேசையில் தினமும் பயன்படுகிறது. அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி நாம் சொன்னால்தான் நம் மறுப்பை நடுவில் இருப்பவர் நம்புவார். சுருக்கியோ திரித்தோ சொன்னால், 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று ஒரே வரியில் தப்பித்துவிடுவார்கள்.

சரி, கோப்பு கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிரிவு 7(1) என்ன சொல்கிறது? 8, 9 ஆகிய பிரிவுகளில் உள்ள காரணங்களுக்காக மட்டுமே தகவலை மறுக்கலாம். 'கிடைக்கவில்லை' என்ற காரணம் அந்த இரண்டிலும் இல்லை. அடுத்து, அதே அலுவலகம் அனுப்பிய தள்ளுபடி ஆணையில் அதே கோப்பின் ந.க. எண், அதாவது அலுவலகம் கோப்புக்குத் தரும் எண், இருக்கிறது. அப்படியானால் ஆணை போட்ட நாளில் கோப்பு மேசையில் இருந்திருக்கிறது. மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும், பிரிவு 19(5)-இன்படி, மறுத்தவருடையது. இவ்வளவுதான் வாதம்.

பெரியவருக்கு இது போதவில்லை. இன்னும் சேர்க்கச் சொன்னார். அரசியலமைப்புச் சட்டம், மூத்த குடிமக்கள், விவசாயி நாட்டின் முதுகெலும்பு. நான் சேர்க்கவில்லை. மூன்று வலுவான காரணங்களோடு நான்கு பலவீனமானவற்றைச் சேர்த்தால் மனுவுக்கு ஏழு மடங்கு பலம் வருவதில்லை. பதில் எழுதுகிறவர் நம்முடைய மிகப் பலவீனமான காரணத்தைத்தான் பொறுக்கி எடுத்து, அதற்கு நீளமாகப் பதில் சொல்லி, 'மற்றவையும் ஏற்கத்தக்கதல்ல' என்று முடித்துவிடுவார். இப்படித் தோற்றுப்போன மனுக்கள் பல இந்த அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. வலுவான காரணங்கள் எல்லாம் அவற்றில் இருக்கும், பதில் பெறாமலே.

மனக்கஷ்டத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் உதவித்தொகை மனுவில் அதுதான் முதலில் வர வேண்டும். அங்கே கேட்பது அவர் மனது வைத்துச் செய்ய வேண்டியது. அங்கேயும் 'சொல்லொணாத் துயரத்தில்' என்று எழுதுவதைவிட, 'கணவர் இறந்துவிட்டார், இடது கண் தெரியாது, நூறு நாள் வேலைக்குப் போக முடியவில்லை' என்று எழுதுவதைப் படிப்பவர் சட்டென்று தாண்டிப் போக முடியாது. மேல்முறையீட்டில் கேட்பது உரிமை. அங்கே கெஞ்சினால் உரிமை சலுகையாகிவிடும்.

கோரிக்கைப் பத்தியில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். 'நியாயம் வழங்குமாறு' என்று முடித்தால் உத்தரவு போடுகிறவர் என்ன எழுதுவார்? அவர் அப்படியே எடுத்து எழுதக்கூடிய வாசகம் வேண்டும். கோப்பைத் தேடி எடுத்து, பக்க எண்ணிட்ட நகலை இத்தனை நாளுக்குள் வழங்க உத்தரவிட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. மாற்றாக, கோப்பு உண்மையிலேயே இல்லையென்றால், அந்த எண் பதிவான தன்பதிவேட்டுப் (எழுத்தர் தன்னிடம் வரும் கோப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) பக்கத்தின் நகலையும், கோப்பு கடைசியாக யார் பொறுப்பில் இருந்தது என்ற விவரத்தையும் வழங்க உத்தரவிட வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டாவதைப் படித்ததும், கோப்பைத் தேடி எடுப்பதே சுலபம் என்று எவருக்கும் தோன்றும். மிரட்டல் ஒரு சொல்கூட இல்லை.

கையெழுத்துக்கு முன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். விசாரணைக்குப் போய் நிற்கப்போவது அவர். தன்னால் வாயால் சொல்ல முடியாத வாதம் அவர் பெயரில் இருக்கக் கூடாது. 19(5) வந்த இடத்தில் நிறுத்தி, "அப்போ நான் ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம், அவங்கதான் சொல்லணும், அப்படித்தானே?" என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். அதை அவர் சொன்ன மாதிரியே எளிமையாக மாற்றி எழுதினேன்.

விசாரணைக்குத் தனியாகவே போனார். தள்ளுபடி ஆணையை நீட்டி, ந.க. எண்ணைக் காட்டினாராம். கோப்பின் நகல் தபாலில் வந்தது. அதில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை அவருக்குச் சாதகமாகவே இருந்தது. தள்ளுபடி ஆணை அந்த அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது கோட்டாட்சியருக்குப் பட்டா மேல்முறையீடு தயாராகிறது. அந்த அறிக்கையின் தேதியை முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறேன்.