அமைதிப்படை அண்ணன்

நம் பள்ளி மலர்க் குழுவினர் தொலைபேசியில் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் சாப்பாடு, கணக்கு வாத்தியார் பிரம்பு, ஆற்றுக் குளியல் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். அதையெல்லாம் நம்மவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அந்தப் பிரம்பு மலருக்கு மலர் ஒரு சாண் வளர்ந்துகொண்டே வருகிறது. நான் எழுத நினைத்தது, நம் பள்ளியில் எனக்கு ஏழெட்டு வருஷம் முன்னால் படித்து, பட்டாளத்துக்குப் போன ஓர் அண்ணனைப் பற்றி. நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர்தான், அடுத்த தெரு.

அவர் ஏன் பட்டாளத்துக்குப் போனார் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணித் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காடு, மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அம்மா பீடி சுற்றினார். முறத்தை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு. அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா சுற்றினார். அப்புறம் ஆள் எடுப்பில் ஓடி, மார்பளவு தேறி, வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சிக்குப் போனார். முதல் மணியார்டர் வந்த அன்று தபால்காரருக்கு அந்த வீட்டில் காப்பி கிடைத்தது. எனக்குத் தெரிந்து எந்தத் தேசபக்தியும் அந்த முடிவில் பங்கு கேட்கவில்லை. அது பின்னால் வந்திருக்கலாம்.

1987இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருஷத் தொடக்கத்தில் ஊரில் இலங்கை என்றாலே உருக்கம்தான். நம் பக்கத்தில் கொழும்போடு தொடர்பில்லாத தெரு கிடையாது. தூத்துக்குடியில் தோணி ஏறி வியாபாரத்துக்குப் போனவர்கள், தோட்டத்துக்குப் போய் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள், 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கட்டிய துணியோடு வந்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். 87 ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டபோது எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதன்படி இந்திய ராணுவம் அமைதிப்படை என்ற பெயரில் இலங்கைக்குப் போனது. மறுநாளே அணிவகுப்பில் நின்ற ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்த படம் பேப்பரில் வந்தது. அதைப் பார்த்ததும் நம் படை போவது சரிதான் என்று இன்னும் அழுத்தமாகப் பேசினார்கள்.

இரண்டே மாதத்தில் எல்லாம் தலைகீழ். செப்டம்பர் 26இல் புலிகள் இயக்கத்துத் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் கிடந்து இறந்தார். அக்டோபர் 5இல், இலங்கைப் படையிடம் பிடிபட்டிருந்த புலித் தளபதிகள் குமரப்பாவும் புலேந்திரனும் மற்றவர்களும் சயனைடு கடித்தார்கள். அடுத்த வாரம் இந்திய ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை. அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியச் சிப்பாய்கள் சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைக்கு நாங்கள் இங்கே சிவகாசி வெடி போட்டுக்கொண்டிருந்தோம். செய்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. டெல்லி ரேடியோ ஏழேகாலுக்கு ஒன்று சொல்லும், ராத்திரி பி.பி.சி. தமிழோசை வேறொன்று சொல்லும். அண்ணனின் அம்மா இரண்டையும் கேட்பார், கை பாட்டுக்குப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும். மகனும் அங்கேதான் போயிருக்கிறான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடிதத்தில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரிதான் இருக்கும், ஊர் பெயர் இருக்காது. ஆனாலும் எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார்.

88 கோடையில் அண்ணன் லீவில் வந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளை எழுத்தில் நம்பர், பெயர். முன்னெல்லாம் அந்தப் பெட்டியைத் தூக்க நாங்கள் பையன்கள் அடித்துக்கொள்வோம். அன்றைக்கு பஸ்ஸைவிட்டு அவரே இறக்கி, அவரே தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் பக்கத்தில் போகவில்லை. அப்பா திட்டுவார் என்று நினைத்தேனா, எல்லாரும் சும்மா நின்றதால் நின்றேனா, இப்போது நினைவில்லை.

மறுநாள் காலை டீக்கடை. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். கட்சிக்காரர் ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "என்னடே, நம்ம ஆளுகளையே சுட்டுட்டு வந்திருக்கியாமே? மொத்தம் எத்தன பேரு?"

கடையில் யாரும் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அண்ணன் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, சீனி கொஞ்சம் கம்மியா போடுங்க" என்றார். டீயைக் குடித்தார். காசை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கட்சிக்காரர் அன்று ராத்திரியே ஆள் அனுப்பி ரம் பாட்டில் கிடைக்குமா என்று கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்தது நடந்ததுதான். 89 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் நடந்தது. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் டெல்லி. அது எங்கள் டீக்கடைக்கு வராது. வந்தது இவர் ஒருவர்தான்.

பெண் பார்த்த கதையும் அப்படித்தான் ஆனது. மிலிட்டரி மாப்பிள்ளை என்றால் பென்ஷன் உண்டு என்று நம் பக்கத்தில் தேடி வருவார்கள். ஒரு இடம் பேசி முடிக்கும் நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் முட்டுக்கட்டை போட்டார். கொழும்பில் கடை வைத்திருந்து 83இல் அத்தனையும் எரிந்து வந்தவர் அவர். எரித்தவர்கள் யார், இவர் யார் என்று யோசிக்கும் நிலையில் அந்த மனிதர் இல்லை. அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது, நல்லபடியாகவே.

நம் பள்ளிக்கு வருகிறேன். அப்போதைய டிரில் மாஸ்டரை 80களில் படித்த எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். முன்னாள் ஹவில்தார், 71 பாகிஸ்தான் சண்டையில் இருந்தவர். திரும்பி வந்தபோது திருநெல்வேலி ஜங்ஷனிலேயே தனக்கு மாலை போட்டார்கள் என்று எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அண்ணன் லீவில் வந்திருப்பது தெரிந்ததும், என்.சி.சி. விழாவுக்கு அவரை அழைக்கலாம் என்று மேலே கேட்டார். பழைய மாணவர், ரெஜிமெண்ட் ஆள், வேறென்ன வேண்டும்? "பையனுவ எவனாவது கோஷம் போட்டா என்ன செய்ய? வேண்டாம் சார்" என்று பதில் வந்தது. விழாவுக்கு ஒரு பேங்க் மேனேஜர் வந்து சேமிப்பின் அவசியம் பற்றிப் பேசினார்.

மாஸ்டர் விடவில்லை. ஒரு சனிக்கிழமை பரேடுக்கு, விழா கிழா எதுவும் இல்லாமல், அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மைதானத்து வேப்பமரத்தடியில் எங்களை உட்காரவைத்து, "கேக்க வேண்டியதக் கேளுங்கலே" என்றார். எவனோ ஒருவன் துப்பாக்கி பற்றிக் கேட்டான். "நம்ம கையில எஸ்.எல்.ஆர்., அவங்க கையில ஏ.கே. 47" என்றார் அண்ணன். இன்னொருவன் ஊர் எப்படி என்று கேட்டான். அதற்குத்தான் கொஞ்சம் பேசினார். "நம்ம உடன்குடிப் பக்கம் மாதிரியேதான்டே. பனை, செம்மண்ணு, ஓலை வேலி. வேலிக்கு நடுவுல சின்னச் சின்னச் சந்து, ஒழுங்கைன்னு சொல்லுவாங்க. பாலத்துக்கடியில கண்ணிவெடி வச்சிருப்பாங்க, அதனால ரோட்ட விட்டு எறங்கித்தான் நடக்கணும். அங்கயும் ஒரு திருநெல்வேலி இருக்கு தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது அந்தத் திருநெல்வேலியில். 87 அக்டோபர் 11 ராத்திரி ஹெலிகாப்டரில் படையை இறக்கியது அந்த வளாகத்தில்தான். புலிகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. சீக்கிய லைட் இன்ஃபண்ட்ரியின் முப்பது பேர் இறங்கினார்கள், 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். இந்தக் கணக்கை நான் பின்னாளில் படித்தேன். அன்றைக்கு அண்ணன், "நம்ம ஊரு பேரப் போட்ட போர்டைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிட்டு" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஒரு சம்பவம் சொன்னார். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைக்குப் போகும் இடமெல்லாம் இவரைத்தான் மொழிபெயர்க்க முன்னால் நிறுத்துவார்களாம். ஒரு வீட்டில் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது பாட்டி ஒருத்தி வாசலில் இறங்கி, மண்ணை வாரித் தூற்றி, இன்னார் குலம் விளங்காது என்று சாபம் விட்டாள். கூட இருந்த வடநாட்டு சுபேதார், கிழவி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "தண்ணி கேக்குதுன்னு சொல்லிட்டேன். அந்த ஆளு தன் தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்தாரு. கெழவி அத வாங்கி என் மேலயே எறிஞ்சா."

மாஸ்டர் அதோடு எழுந்து விசில் ஊதினார். பரேட் முடிந்து பூரி கிழங்கு வந்தது. அண்ணனும் எங்களோடு வரிசையில் நின்று தையல் இலையை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

1990 மார்ச் 24இல் கடைசிப் படைப்பிரிவு திரிகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. சரி என்று பாதிப் பேர், தப்பு என்று பாதிப் பேர். எங்கள் டீக்கடையில் அதைப் பற்றி ஒரு வாரம் சண்டை நடந்தது. இறந்துபோன சுமார் 1,200 சிப்பாய்களைப் பற்றி யாராவது பேசினார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருத்தர் பேச்சும் ஞாபகத்துக்கு வரவில்லை. நவம்பர் 87இல் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் ஒரு தமிழர் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். இத்தனைக்கும் நான் என்.சி.சி. பையன்.

அப்புறம் 91 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைப் புலிகள் கொன்றார்கள். ஒரே ராத்திரியில் ஊர் மறுபடி தலைகீழானது. அடுத்த லீவில் அண்ணன் வந்தபோது, அதே பெஞ்சில் அதே கட்சிக்காரர் அவர் முதுகில் தட்டி, "அன்னைக்கே நீங்க அவனுவள மொத்தமா முடிச்சிருக்கணும்டே" என்றார். டீயை அவரே வாங்கிக் கொடுத்தார். அண்ணன் அந்த டீயைக் குடிக்கவில்லை. முதல் தடவை வராத கோபம் அந்தத் தடவை வந்தது என்று என்னிடம் சொன்னார். "மொதல்ல கொலைகாரன்னான், இப்ப ஏன் கொல்லலங்கான். நான் யாருன்னு அவன் ரெண்டு தடவையும் பாக்கலயே" என்றார். எனக்கு அதுதான் முழுக்கதையாகத் தோன்றுகிறது. எங்கள் ஊருக்கு அந்தச் சிப்பாய் வேண்டியிருக்கவில்லை. தன் கோபத்தைக் கொட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

99இல் கார்கில் வந்தது. திருச்சி மேஜர் சரவணன் இறந்தபோது தமிழ்நாடே அழுதது. நம் பள்ளியிலும் உண்டியல் குலுக்கினார்கள். அந்தச் சமயம் லீவில் வந்த அண்ணனிடம் பஸ் கண்டக்டர் காசு வாங்க மறுத்துவிட்டார். "நான் ராஜஸ்தான்ல இருந்தேன், கார்கில் பக்கமே போகலப்பான்னு சொன்னேன். சும்மா இருங்கண்ணாச்சின்னுட்டான். சண்ட போட்ட வருஷம் முழு டிக்கெட்டு, சும்மா இருந்த வருஷம் ஃப்ரீ" என்று சிரித்தார்.

நான் இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். வேலையிடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "எங்கட திருநெல்வேலியோ, உங்கட திருநெல்வேலியோ?" என்றார். பழகின பிறகு அந்த நாட்களைப் பற்றியும் பேச்சு வந்தது. 87 ஆகஸ்டில் அவர் அம்மாவே இந்திய ராணுவத்துக்கு மாலை போட்டாராம், சந்தியில் நின்று. அக்டோபரில் அவருடைய அண்ணனைப் பறிகொடுத்தார்கள். எங்கள் ஊர் சிப்பாய் பற்றி நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தமிழ் தெரிஞ்ச ஆமிக்காரன் நிண்டா எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனா அவனிலதான் கூடக் கோவமும் வரும். மற்றவனுக்கு விளங்காது, இவனுக்கு விளங்கும்தானே" என்றார். பாட்டி கதையை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

கொழும்பை ஒட்டிய கோட்டேயில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி அங்கே போய் மலர்வளையம் வைத்தார். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது அதற்கும் பின்னால், 2019 பிப்ரவரியில். நாயக்காக ஓய்வு பெற்று, வண்ணார்பேட்டையில் ஒரு பேங்க் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கும் அண்ணனிடம் போன தடவை போனபோது இதைச் சொன்னேன். கோட்டே கல்லில் தன் செக்ஷனைச் சேர்ந்த இருவர் பெயர் இருக்கும் என்றார். போய்ப் பார்க்கலாமா, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன். பாஸ்போர்ட் இல்லை என்றார். பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஒரு நாள் லீவு கேட்டால் ஏஜென்சிக்காரன் சம்பளத்தைப் பிடிப்பான் என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

நம் மலரின் கடைசிப் பக்கங்களில் 'பள்ளிக்குப் பெருமை சேர்த்தோர்' பட்டியல் வருகிறது. டாக்டர்கள், கலெக்டர், விஞ்ஞானிகள், 65, 71, கார்கில் என்று ராணுவத்தினரும் இருக்கிறார்கள். 87இலிருந்து 90 வரை இலங்கைக்குப் போனவர்கள் ஒருவரும் இல்லை. என் கணக்குப்படி நம் பள்ளி மாணவர்கள் குறைந்தது மூன்று பேர் போயிருக்கிறார்கள். மற்ற இருவரின் விவரம் தெரிந்தவர்கள் மலர்க் குழுவுக்கு எழுதுங்கள், முக்கியமாக 80 - 83 செட்டுக்காரர்கள். அண்ணனிடம் பெயர் போடலாமா என்று கேட்டேன். "கட்டுரையில வேண்டாம், லிஸ்டுல வேணா போடு. பட்டாலியன் நம்பரத் தப்பாப் போட்டுராத" என்றார். எழுதி வாங்கி வந்து குழுவிடம் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன்.