அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

குளிரில் விறைத்துக் கிடப்பவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான். உடலின் உள்வெப்பம் 28 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நாடி விரலுக்கு எட்டாத அளவுக்கு மெலிந்துவிடும். வழக்கமான 10 விநாடி போதாது, ஒரு நிமிடம் வரை பார்க்க வேண்டும். கைகால் விறைப்பும் விரிந்த கண்மணியும்கூட மரணத்துக்குச் சாட்சியல்ல. பேலியகொடையில் மீன் வைக்கும் குளிரறைக்குள் பிள்ளைகளை நிறுத்தி, மரத்துப்போன விரலால் ஒருவர் கழுத்தில் மற்றவரை நாடி தேடச் சொல்வதும் இதற்காகத்தான். கொழும்பு வெயிலில் இருந்துகொண்டு அந்தத் தடுமாற்றத்தை வாயால் விளக்க ஏலாது.

1999 இல் நோர்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் நீரோடையில் சிக்கிய அன்னா போகன்ஹோமின் உள்வெப்பம் 13.7 பாகை. இதயம் நின்றிருந்தது. மருத்துவர்கள் விடவில்லை, பிழைத்தார். இதைச் சொல்லி முடித்ததும் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"சேர், எங்க தாத்தா மழையில நனைஞ்சு ராத்திரி முழுக்க மலையில கெடந்தாரு. காலையில தோட்டத்து ஆளுங்க தொட்டுப் பார்த்துட்டு முடிஞ்சிருச்சின்னு சொல்லிட்டாங்க. கையெல்லாம் வெறச்சிருந்திச்சாம். அப்ப அவரு உயிரோட இருந்திருப்பாரா?"

"இல்லையம்மா, அந்த நிலைமையில யாராலயும் ஒன்றும் செய்திருக்க ஏலாது" என்றேன்.

"சரி சேர்" என்று குனிந்து எழுதத் தொடங்கிவிட்டாள்.

அவள் கேட்டது உயிர் இருந்ததா என்று. நான் சொன்னது காப்பாற்ற முடியாது என்று. இரண்டும் வேறு.

ஆனால் நான் சொன்னது பொய்யுமில்லை. அந்த நிலையில் முரட்டுத்தனமாகத் தூக்கினாலே இதயம் துடிப்பு குழம்பி நின்றுவிடலாம். 30 பாகைக்குக் கீழே, இதயத்தைத் தூண்டக் கொடுக்கும் அட்ரினலின் மருந்தும் சரியாக எடுபடாமல் போகலாம். இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கித் திருப்பி அனுப்பும் இயந்திரத்துக்கு அந்தத் தோட்டத்து மக்கள் எங்கே போவார்கள்? நான் 'இருந்திருக்கலாம்' என்று சொல்லியிருந்தால், அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்குப் போகும்போது தாத்தாவைத் தூக்கி வந்தவர்களை அவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள்? அவர்களையும் நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த மனிதரின் உள்வெப்பம் எனக்குத் தெரியாது. பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்று கற்பித்துக்கொண்டிருந்த அதே மணித்தியாலத்தில், காணாத ஒருவருக்கு நான் தீர்ப்புச் சொன்னேன்.

செய்முறைப் பரீட்சையில் அவள் பொம்மையின் கழுத்தில் வைத்த விரலை நிமிடம் கடந்தும் எடுக்கவில்லை. நிமிடத்தோடு நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். அதை வெறும் பதற்றம் என்று எடுப்பதா, என் பதிலை அவள் நம்பவில்லை என்று எடுப்பதா?

அடுத்த பிரிவில் யாராவது இதையே கேட்டால் 'தெரியாது' என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒரு பேத்தி என்ன செய்வாள் என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.