மஞ்சள் கருவில் கரு எங்கே?

கல்லூரியில் விலங்கியல் எடுக்கத் தொடங்கிய புதிதில், கோழி முட்டையின் படத்தைக் கொடுத்து ‘கருவைக் குறிக்கவும்’ என்று தேர்வில் கேட்டிருந்தேன். தமிழ்வழி மாணவி ஒருத்தி மஞ்சள் உருண்டைக்குக் கோடு இழுத்து ‘கரு’ என்று எழுதியிருந்தாள். பூஜ்ஜியம் போட்டேன். விடைத்தாளைக் கொடுத்த அன்றே வந்து நின்றாள். “மஞ்சள் கருன்னுதானே சார் சொல்றோம்? அப்புறம் அது எப்படித் தப்பாகும்?”

சட்டென்று பதில் வரவில்லை. ஆங்கிலவழியில் படிப்பவர்களுக்கு யோக் வேறு, எம்ப்ரியோ வேறு. நமக்கு இரண்டும் கரு. போதாததற்கு வெள்ளைக்கரு என்றும் சொல்கிறோம். அதில் கருவின் செல் ஒன்றுகூடக் கிடையாது.

மறுவாரம் அடைமுட்டை வாங்கி வந்து ஆய்வகத்தில் உடைத்துக் காட்டினேன். மஞ்சளின் மேல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெளிர் வட்டு இருக்கும். குஞ்சாகப் போவது அது மட்டும்தான். கடை முட்டையிலும் வெண்புள்ளி உண்டு. ஆனால் சேவல் சேராத கோழி இட்டது என்பதால் அது வளராது. கருவுற்ற முட்டையில் அந்த வட்டின் நடுப்பகுதி தெளிந்து, சுற்றிலும் வளையம் கட்டியிருக்கும். கோழி முட்டையிடும்போதே அந்த வட்டுக்குள் ஆயிரக்கணக்கான செல்கள் பெருகியிருக்கும்.

மற்ற மஞ்சள் எல்லாம் சாப்பாடு. பாடநூலில் இதற்குக் கருவுணவு என்று சொல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, ஏனென்றால் அதன் வேலையைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. 21 நாள் அடைகாப்பில் கரு இதைத் தின்றுதான் வளர்கிறது. பொரிவதற்குச் சற்று முன்பு மிச்சமிருக்கும் கருவுணவுப்பை குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடும். பொரிப்பகங்கள் ஒருநாள் குஞ்சுகளைத் தீனியே இல்லாமல் பெட்டியில் வெளியூருக்கு அனுப்புவது அந்த மிச்சத்தை நம்பித்தான்.

சரி, அப்படியானால் ‘மஞ்சள் கரு’ தவறான பெயரா? முதலில் அப்படித்தான் நினைத்தேன், வகுப்பில் திருத்திக்கொண்டும் இருந்தேன். பிறகு கோழியின் சினைப்பையை அறுத்துக் காட்டும்போது மனம் மாறியது. கொத்தாகத் தொங்கும் அந்த மஞ்சள் உருண்டைகளில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல், அதாவது அண்டம். உணவு நிறைந்து அவ்வளவு பெரிதாகிவிட்ட செல். வெள்ளையும் ஓடும் அண்டநாளத்தில் இறங்கும்போதுதான் மேலே சேர்கின்றன. வாழ்க்கை தொடங்கும் இடம் இந்த மஞ்சள்தான் என்று நம் ஆட்கள் கண்டிருக்கிறார்கள். அந்த அளவில் பெயர் சரிதான். கரு வளராமல் போனதைக் கூமுட்டை என்று தனியாகப் பிரித்துச் சொன்னவர்களும் அவர்கள்தானே.

அந்த மாணவிக்குப் பாதி மதிப்பெண் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த செய்முறையில் 48 மணி நேரக் கருவை வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது முதலில் குனிந்தவள் அவள்தான். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. “இதுதான் சார் கரு” என்றாள். நீர் ஆற ஆறத் துடிப்பு மெதுவானது. சூடாகக் கொஞ்சம் ஊற்றியதும் மறுபடி வேகம் பிடித்தது.

இப்போதும் அதே படத்தைத் தேர்வில் கொடுக்கிறேன். கேள்வியை மட்டும் மாற்றிவிட்டேன்: ‘மஞ்சள் கருவில் கரு எங்கே இருக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டுக.’