கனவில் நெய்தவருக்குக் காகிதம் தேடிய எட்டு மாதங்கள்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், லேக் செபு என்னும் மலையூரைச் சேர்ந்த ஒரு முதிய நெசவாளியை அந்நாட்டின் உயரிய நாட்டுப்புறக் கலை விருதுக்குப் பரிந்துரைக்கும் கோப்பைத் தயாரித்த மூவரில் நானும் ஒருத்தி. (விமான நிலையமும் கடற்கரையும் உள்ள புகழ்பெற்ற செபு நகரம் வேறு; இது தெற்கு கொடபாட்டோ மாகாணத்தில் ஓர் ஏரியைச் சுற்றி அமைந்த ஊர்.) கணவரின் வேலை காரணமாக ஜெனரல் சான்டோஸ் நகரில் ஆறு ஆண்டுகள் வசித்த காலத்தில் இந்தப் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. மற்ற இருவரில் ஒருவர் அம்மலையூரின் பழங்குடியினரான டிபோலி இனத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; இன்னொருவர், கேமரா வைத்திருந்த ஒரே காரணத்துக்காக எங்களிடம் மாட்டிக்கொண்ட அவருடைய அக்கா மகன். கோப்பை ஆங்கிலத்தில் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று ஆசிரியை என்னைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு மாதங்களில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். எட்டு மாதங்கள் ஆயின.

விருதின் பெயர் 'கவாட் சா மன்லிலிக்கா நாங் பாயன்', அதாவது மக்களின் படைப்பாளிக்கு அளிக்கப்படும் விருது. சுருக்கமாகக் காமாபா என்பார்கள். 1992 ஏப்ரலில் இயற்றப்பட்ட குடியரசுச் சட்டம் 7355 இதற்கு அடிப்படை. பண்பாடு மற்றும் கலைகளுக்கான தேசிய ஆணையம் இதனை நடத்துகிறது. 1993-இல் முதன்முதலாக மூவருக்குக் கொடுத்தார்கள்: மூங்கிலில் அம்பஹான் பாடல்களைக் கீறி வைத்த ஹனுனுவோ மங்யான் பழங்குடிக் கவிஞர் கினாவ் பிலோக், பலாவானைச் சேர்ந்த இசைஞரும் கதைசொல்லியுமான மசினோ இன்தராய், குத்யாபி என்னும் இருநரம்பு வாத்தியத்தில் தேர்ந்த மகிந்தனாவோ கலைஞர் சமாவோன் சுலைமான். அதன் பிறகும் ஆண்டுதோறும் வாரி வழங்கவில்லை. 2016 வரையிலான கணக்கில் மொத்தம் 16 பேர்தான். பணமும் உண்டு. சட்டம் எழுதப்பட்டபோது தொடக்கத் தொகையாக 1,00,000 பெசோவும் வாழ்நாள் முழுவதும் மாதம் 10,000 பெசோவும் என்று வைத்தார்கள். பின்னர் அதை உயர்த்தினார்கள். மலைக்கிராமத்தில் வாழும் ஒரு முதியவருக்கு இந்தத் தொகை என்ன பொருள் தரும் என்பது அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் நெசவாளியைப் பெயர் சொல்லாமல், எல்லோரும் அழைத்ததைப் போலவே, லோலா என்று குறிப்பிடுகிறேன். பாட்டி என்று பொருள். அவர் நெய்வது டினலாக். அபாக்கா என்னும், வாழை இனத்தைச் சேர்ந்த செடியின் தண்டிலிருந்து உரித்த நாரால் நெய்யும் துணி அது. இதே ஊரைச் சேர்ந்த லாங் டுலாய் என்ற நெசவாளி 1998-இல் இதே துணிக்காக இதே விருதைப் பெற்றவர் என்பதால், விருதுக்குரிய கலை குறைந்தது 50 ஆண்டுகள் இருந்துவந்ததாகவும் ஆவணப்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. துணியின் தரத்தைக் காட்டினால் போதும், மற்றவை தாமாக நடக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கை முதல் பக்கத்திலேயே, பிறந்த தேதி என்ற கட்டத்திலேயே நின்றுவிட்டது.

லோலாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஜப்பானியர் வந்தபோது நீங்கள் எவ்வளவு பெரியவர் என்று ஆசிரியை கேட்டார். "மூங்கில் குழாயில் தண்ணீர் சுமக்கும் அளவு இருந்தேன், ஆனால் சிந்திக்கொண்டே வருவேன்" என்றார். ஐந்து அல்லது ஆறு வயது என்று ஆசிரியை மதிப்பிட்டார். தாமதப் பதிவு செய்துகொள்ள வழியுண்டு: ஏற்கெனவே பதிவு இல்லை என்பதற்குத் தலைமைப் புள்ளிவிவர அலுவலகத்தின் சான்று, உறவினரல்லாத இருவரின் உறுதிமொழி, இன்னும் சில காகிதங்கள். நாங்கள் போன ஓர் அலுவலகத்தில், ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லாமல் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கிறித்தவராகாத ஒரு டிபோலிப் பெண்ணிடம் அதைக் கேட்பதில் உள்ள அபத்தத்தை ஆசிரியை மிகுந்த மரியாதையுடன், மூன்று தடவை, மூன்று வெவ்வேறு மேசைகளில் எடுத்துச் சொன்னார். பிறகு வாக்காளர் அட்டையில் பெயரின் எழுத்து வேறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். எட்டு மாதங்களில் இரண்டரை மாதங்கள் இந்த ஒரு கட்டத்துக்கே போயின. இத்தகைய பரிந்துரையைத் தயாரிக்க எண்ணும் எவருக்கும் நான் சொல்லக்கூடியது, கலையைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் பதிவு அலுவலகத்துக்குப் போய்வாருங்கள் என்பதுதான்.

இரண்டாவது சிக்கல் படைப்புகளின் பட்டியல். லோலாவின் வீட்டில் அவர் நெய்த துணி ஒன்றுகூட இல்லை. நெய்தவை அனைத்தும் விற்கப்பட்டோ, திருமணச் சீராகக் கைமாறியோ போயிருந்தன. இதுவரை எத்தனை நெய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர் என்னை வியப்புடன் பார்த்தார். எத்தனை வேளை சோறு சமைத்திருக்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். எனவே வீடுவீடாகத் தேடினோம். ஒரு வீட்டில், பரணிலிருந்த மூட்டையைப் பிரித்து, விளிம்பு நைந்த ஒரு டினலாக்கை எடுத்துக் காட்டினார்கள். பிரசவத்தின்போது தாயின் மேல் போர்த்துவதற்கென்று வைத்திருந்த துணி. அந்த வீட்டில் நான்கு குழந்தைகள் அதனடியில் பிறந்திருந்தன. லோலா அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, தன்னுடையதுதான் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாரின் முடிச்சைக் காட்டினார். எனக்கு அங்கே எந்த முடிச்சும் தெரியவில்லை. அதுதான் அடையாளம் என்று ஆசிரியை மொழிபெயர்த்தார்: மற்றவர்களின் முடிச்சு கண்ணுக்குத் தெரியும்.

அந்த முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் கோப்பின் நடுப்பகுதி முழுவதும் அதைச் சுற்றியே அமைந்தது. நம் ஊரில் பூத்தொடுக்கும் வாழைநாரைப் போலவே அபாக்கா நாரும் செடியின் உயரத்துக்கு மேல் நீளாது. நீளமான பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் இழைகள், வேண்டுமென்றால் ஒவ்வோர் இழையின் நுனியையும் அடுத்த இழையின் நுனியோடு கையால் முடிந்து, மிச்சத்தை நறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு துணிக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அதன் பிறகு நாரைச் சட்டத்தில் விரித்து, சாயம் ஏறக் கூடாத இடங்களை எல்லாம் நூலால் இறுக்கிக் கட்டி, 'கெனாலும்' என்னும் தாவரத்தின் இலையோடு நாள்கணக்கில் வேகவைத்துக் கறுப்பையும், சில கட்டுகளை அவிழ்த்தபின் லோக்கோ வேரோடு வேகவைத்துச் சிவப்பையும் ஏற்றுகிறார்கள். கட்டியே இருந்த இடம் நாரின் வெளிறிய நிறத்தோடு நின்றுவிடும். ஆக, தறியில் ஏறுவதற்கு முன்பே படம் முழுவதும் நாரில் இருக்கிறது. தறியோ இடுப்பில் வார் கட்டி, உடலின் சாய்வாலேயே பாவை இழுத்துப் பிடிக்கும் முதுகுவார்த் தறி. வெயில் ஏறினால் நார் முறுகி அறுந்துவிடும் என்பதால் விடியற்காலையிலும் இருட்டிய பிறகுமே நெய்கிறார்கள். நெய்து முடித்த துணியைச் சோழியால் தேய்த்துப் பளபளப்பேற்றுகிறார்கள். ஒரு துணி முடிய மாதங்கள் ஆகின்றன.

கோலத்தை வரைந்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டுகளைப் போடுவதில்லை, வரைபடமே கிடையாது. அபாக்காவின் ஆவியான ஃபூ டாலு கனவில் காட்டும் கோலங்கள் அவை என்பது டிபோலி நெசவாளிகளின் நம்பிக்கை. தாய்வழியாகவும் பாட்டிவழியாகவும் வந்த கோலங்களும் உண்டு. லாங் டுலாய் நூறளவு கோலங்களை நினைவிலேயே வைத்திருந்தார் என்று சொல்வார்கள். எங்கள் படிவத்திலோ 'பரிந்துரைக்கப்படுபவரின் சொந்தப் படைப்புகள்' என்று பொருள்படும் ஒரு தலைப்பு இருந்தது. லோலா அதற்கு ஒப்பவில்லை. "நான் கட்டியது, நான் உண்டாக்கியது இல்லை" என்றார். அவரிடமிருந்து பெற்ற கையொப்பமாக இருக்க வேண்டுமானால் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பதில் ஆசிரியை உறுதியாக நின்றார். இறுதியில் 'கனவில் பெற்று நெய்தவை', 'தாயிடமிருந்து பெற்று நெய்தவை' என்று இரண்டு பட்டியல்கள் தயாரித்தோம். முதல் பட்டியலில் ஏழு, இரண்டாவதில் பத்தொன்பது. படைப்பாளி என்ற சொல்லையே பெயரில் வைத்திருக்கும் விருதுக்கு இப்படி ஒரு பட்டியலை அனுப்புவது சரியா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் கோப்பிலேயே நேர்மையான பக்கம் அதுதான்.

ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதல் பெறுவதற்கு ஒரு முழு நாள் ஆனது. 1997-ஆம் ஆண்டின் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம், அவர்களுடைய பண்பாட்டுச் செல்வத்தை வெளியார் எடுத்தாள்வதற்கு முன் தெளிவாக விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. கூட்டத்தில் ஒரு முதியவர், படம் எடுத்துப் போனால் எங்கோ ஓர் ஆலையில் இந்தக் கோலத்தை அச்சடித்து விற்பார்கள் என்றார். அச்சடித்த டினலாக் கோலங்களைக் கடைகளில் நானே பார்த்திருந்தேன் என்பதால் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் அறிந்த, முன்பே வெளியே போய்விட்ட கபங்கி என்னும் வண்ணத்துப்பூச்சிக் கோலத்தை மட்டும் தொடக்கம் முதல் இறுதிவரை படமெடுப்பது, மற்றவற்றை முடிந்த துணியாக மட்டும் காட்டுவது என்று தீர்மானமானது.

இவ்வளவுக்குப் பிறகுதான் நாங்கள் எளிது என்று விட்டுவைத்திருந்த கட்டத்துக்கு வந்தோம்: கலையைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தல். விருதின் விதிகளில் இது அலங்காரத்துக்காக வைத்த வரி அல்ல. தேர்ந்தவராக இருந்து, தனக்குள்ளேயே அதை வைத்துக்கொண்டவருக்கு இந்த விருது இல்லை. விருது பெற்ற பிறகும் இளையவர்களுக்குக் கற்றுத்தரும் கடமை தொடர்கிறது. மாணவிகள் எத்தனை பேர் என்று கேட்டோம். "நான் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை" என்றார் லோலா.

ஆசிரியை அதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். ஐந்து மாத வேலை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டதே என்று நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன். அன்றிரவு அங்கேயே தங்கினோம். விடியும் முன் விழித்துப் பார்த்தபோது, மூங்கில் தரையில் லோலா தன் தறியில் இருந்தார். அவருக்குப் பின்னால் பேரனின் மனைவி இன்னொரு தறியில். மூலையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நாரை மெலிது, தடிமன் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. வெளிச்சம் வந்து வெகுநேரமான பிறகு, பின்னாலிருந்த தறியில் நார் 'டிக்' என்று அறுந்தது. லோலா திரும்பாமலேயே, "வெயில் வந்துவிட்டது, விடு" என்றார். அந்தப் பெண் முதுகுவாரை அவிழ்த்துவிட்டு எழுந்தாள். சிறுமி, தான் பிரித்த நாரில் ஒரு கற்றையைக் கொண்டுவந்து லோலாவின் மடியில் வைத்தாள். அவர் அதிலிருந்து மூன்று இழைகளை உருவித் தரையில் போட்டார். அவள் அந்த மூன்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய்க் கதவருகே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அந்தத் தரையில் உட்கார்ந்து பழகிய பெண்களின் பெயர்களைக் காலையில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். பதினான்கு வந்தன. அவர்களில் பதினொருவரைப் போய்ப் பார்த்தோம். எவரும் லோலாவைத் தம் ஆசிரியர் என்று சொல்லவில்லை, அவர் வீட்டில் இருந்தோம் என்றே சொன்னார்கள். கற்பிக்கும் முறை என்ற கட்டத்தில் பாடத்திட்டம், வகுப்பு நேரம் போன்றவற்றை எதிர்பார்த்துக் கோடுகள் போட்டிருந்தார்கள். நாங்கள் அந்த விடியற்காலையை அப்படியே எழுதினோம்.

கோப்பை அனுப்பிய பிறகு ஒரு தடவை, கையொப்பமிட்ட ஒரு பக்கம் விடுபட்டுள்ளது என்று திரும்பி வந்தது, சரிசெய்து அனுப்பினோம். 2023 டிசம்பரில் ஒன்பது பேரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. லேக் செபுவுக்கு மட்டும் மூன்று: பித்தளை வார்ப்பில் புந்தோஸ் ஃபாரா, டினலாக்கில் பார்பரா ஓஃபோங், காவியப் பாடலில் ரோசி சுலா. லோலாவின் பெயர் அதில் இல்லை. எனக்கு வருத்தம் இருந்ததை மறைக்கத் தேவையில்லை; ஆனால் அதே துணிக்கு, அதே ஊரில், இன்னொருவருக்குக் கிடைத்ததைக் குறைசொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

செய்தியைச் சொல்ல ஆசிரியையும் நானும் போனோம். புதிய பிறப்புச் சான்றிதழையும், படத்தின் ஒரு பிரதியையும் எடுத்துப் போயிருந்தோம். சான்றிதழை லோலா நான்காக மடித்து, வெற்றிலைப் பெட்டியின் அடியில் வைத்தார். படத்தை ஆசிரியையின் கைப்பேசியில் போட்டுக் காட்டினோம். சிறுமி அதைப் பிடுங்கிக்கொண்டு, முடிச்சுப் போடும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். நான்காவது தடவையில் லோலா திரையின் மேல் விரலை வைத்து நிறுத்தினார்.

"இந்த முடிச்சு சரியில்லை. இதையா மணிலாவுக்கு அனுப்பினீர்கள்?"

ஆமாம் என்றேன்.