குன்றில்லாத ஊரின் முதல் ஷொட்

குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கு ஒளிப்பதிவில் உதவுவது என் வேலைகளில் ஒன்று. அவர்களின் ஷொட் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: ட்ரோனில் கோட்டை, பிறகு நல்லூர்க் கோபுரம், பிறகு பொது நூலகம். கதை யாழ்ப்பாணத்தில் நடக்கிறது என்று தெரியவேண்டுமாம். படம் பார்க்கப்போகும் அயலவருக்கு அது தெரியும்; கனடாவிலிருந்து காசு அனுப்பிய மாமாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அண்மையில் வந்த குழுவின் கதை, ஆழமற்ற பரவைக்கடலில் தடிகள் நட்டுச் சிறகுவலை கட்டி மீன்பிடிக்கும் ஒருவரின் மகளைப் பற்றியது. கோட்டையை மேலிருந்து பார்க்கும் தேவை அவளுக்கு வாழ்நாளில் வராது. “தங்கச்சி, விடிய எழும்பினால் அவள் முதலில் எதைப் பார்ப்பாள்?” என்று இயக்குநராக இருந்த மாணவியிடம் கேட்டேன்.

“கரையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பாள், சேர்.”

பட்டியலில் கோட்டை இருந்த இடத்துக்கு அந்தத் தண்ணீர் வந்தது.

ஆனால் குடாநாட்டில் ஏறிநின்று பார்க்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அகன்ற கோண லென்ஸைப் போட்டால் நிலம் கோடாக மெலிந்துபோகும், மீதியெல்லாம் வானம். ஆகவே உயரம் தேடாமல் கிட்டத்தில் ஒரு பொருளைத் தேடச் சொன்னேன். கமரா தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருக்கட்டும். சிறகுவலைத் தடிகள் பக்கத்தில் தொடங்கிச் சிறுத்துச் சிறுத்துத் தூரத்துக்குப் போகட்டும். பார்ப்பவருக்கு ஆழம் தானாகப் பிடிபடும். அடுத்த ஷொட்டுக்கு 135 மில்லிமீற்றர் லென்ஸ். தரவைப் புல்வெளியின் இந்த ஓரத்தில் நின்று அந்த ஓரத்துப் பனங்கூடலை எடுத்தால், மரங்களுக்கு இடையிலான வெளி சுருங்கி, பனைகள் மதில்போல நெருங்கி நிற்கும். முன்னால் ஒருவர் சைக்கிளில் போனால் அந்த மதிலின் உயரமும் தெரிந்துவிடும்.

மாணவர்கள் கணக்கில் எடுக்காதது மாதத்தைத்தான். இடம் பார்த்தது ஆனியில். படப்பிடிப்போ மார்கழி விடுமுறையில். இரண்டுக்கும் இடையில் சூரியன் உதிக்கும் இடம் ஏறத்தாழ 47 பாகை தெற்கே நகர்ந்துவிடும். தடிகளுக்குப் பின்னால் உதிக்கும் என்று குறித்த சூரியன் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடும். வெடித்து உப்புப் பூத்திருந்த கரையும் மாரி மழைக்குப் பிறகு தண்ணீருக்குள் கிடக்கும். வற்றிய கரையில் தொடங்கினால் அது வேறு கதை. ஒருநாள் முழுக்க அவர்கள் தங்களுக்குள் சண்டைபிடித்து, வற்றிய கரைதான் வேண்டும் என்று படப்பிடிப்பை ஆடிக்கு மாற்றினார்கள். எனக்கும் அதுவே சரியாகப்பட்டது.

ஆடி என்றால் சோளகம், தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. 135 லென்ஸில் முக்காலியின் சிறு நடுக்கமும் திரையில் பெரிதாகத் தெரியும். கால்களை விரித்து, உயரத்தைக் குறைத்து, நடுக்கொழுவியில் மணல்மூட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். ஒலிவாங்கிக்கு எந்த உறை போட்டாலும் அந்த வெளியில் காற்றுத்தான் முன்னுக்கு வரும்; தண்ணீரின் சத்தத்தைக் காற்று விழும் விடியப்புறத்தில் தனியாகப் பதிவுசெய்யச் சொல்லியிருக்கிறேன்.